திறந்து பார்க்காத பெட்டி

அக்கா,

உங்கள் பையைத் திறந்ததும் கார்பன் தாளின் மணம் வந்தது. இந்த அறையில் நீங்கள் இருந்த ஒன்பது மாதமும் அந்த மணம் இருந்தது. இப்போது பைக்குள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த அறையில் அப்பா இருமும்போதெல்லாம் டார்ச்சைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

காலை பஸ்ஸில் உங்கள் பேராசிரியர் வருகிறார். நீங்கள் விட்டுப்போன படிவங்களை வாங்கிப் போய், ஆராய்ச்சியை முடித்து, உங்கள் பெயரிலேயே வெளியிடப்போவதாக அப்பாவுக்கு எழுதியிருந்தார். அந்தப் படிவங்களில் ஒன்றில் நான் போட்ட பொய் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் அவரிடம் எப்படிச் சொல்வது?

நீங்கள் வந்த முதல் நாள் நினைவிருக்கிறது. அப்பா இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கம்பவுண்டர். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையைக் கேட்டு வந்த நீங்கள், மறுநாளே அவருடைய மருந்தறையில் போய் நின்றீர்கள், கையில் மருந்து இருப்பை எண்ணும் படிவத்தோடு.

"ஏனுங்க மேடம், எங்க அலமாரிதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்களா? கீழ ஆபீசுல போயி எண்ணலாமுங்களே" என்றார் அப்பா.

"அங்க எண்ணிட்டுத்தானுங்க மலை ஏறுனேன். அங்கயும் இல்லீங்க."

அப்பா சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று கட்டங்கள். இருந்தது, இல்லை, பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து, கண்ணால் பார்த்த பிறகுதான் முதல் கட்டத்தில் டிக் போடுவீர்கள். இந்த மலையின் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஊர் ஊராக நடந்து, யார் எந்த மருந்துக்காக மலை இறங்கினார்கள் என்று கேட்டு எழுதிவிட்டு, இருட்டும் நேரத்தில் வந்து வெந்நீர் வாளியில் காலை வைத்து உட்காருவீர்கள். பேசவே தெம்பு இருக்காது. உங்களோடு மருந்தியல் படித்தவர்கள் எல்லாரும் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள் என்றீர்கள்.

"மருந்து செய்யறதுக்கு ஆள் இருக்குது, விக்கறதுக்கும் இருக்குது. அது ஏன் இங்க வரைக்கும் வரலைன்னு பாக்கறதுக்குத்தான் ஆளில்ல. அதுக்கும் வருசா வருசம் என்னை வெச்சுக்குவாங்களா, போன்னு சொல்லுவாங்களான்னு லெட்டருக்குக் காத்துக் கெடக்கோணும். நீ மட்டும் இந்த வேலைக்கு வந்துராத கண்ணு."

அந்த ஒன்பது மாதத்தில் ஒரு மாதம்கூடப் பாம்புக்கடி ஊசிக்கு நீங்கள் 'இருந்தது' போட்டதில்லை. களை எடுக்கும்போது கடிபட்ட ஒரு அம்மாவைத் தூக்கி வந்தார்கள். அப்பாவால் கட்டுப் போட்டு ஜீப்பில் கீழே அனுப்பத்தான் முடிந்தது. அந்த அம்மா பிழைத்தார், ஒரு விரல் போயிற்று. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும் மாதாமாதம் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். வெளியாட்களுக்கு அலமாரியைத் திறந்துகாட்ட யார் சொன்னது என்று அப்பாவை நிற்கவைத்துக் கேட்டார். அதற்கடுத்த வாரம்தான் உங்களுக்குக் காய்ச்சல். எண்ண வேண்டிய நாள் தவறக்கூடாது என்று படிவத்தை என்னிடம் கொடுத்தனுப்பினீர்கள்.

மற்றதையெல்லாம் சரியாகத்தான் எழுதினேன் அக்கா. கடைசியில் அப்பா ஃபிரிஜ்ஜைத் திறந்தார். உள்ளே வெள்ளைப் பெட்டி இருந்தது.

"இருக்குது பாரு. போடு கண்ணு."

பெட்டியைக் கேட்டு நான் கையை நீட்டவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உள்ளே ஊசி இல்லை என்று தெரிந்தது; அதன்பின் திறந்து பார்க்கவே தேவையில்லாமல் போயிற்று. டிக் போட்டேன்.

"பெட்டியத் தொறந்து பாத்தியா?" என்று படுத்தபடியே கேட்டீர்கள்.

"பாத்தனுங்க்கா."

எழுந்து உட்கார்ந்துவிட்டீர்கள். "ஒரு வழியா வந்துருச்சு" என்று அந்த டிக்கை விரலால் தடவினீர்கள். அலுப்பில்லாத உங்கள் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதன்பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நான்காம் நாள் உங்களைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். நீங்கள் திரும்பவில்லை. ஊசியும் இன்றுவரை வரவில்லை.

நேற்று அப்பா சொன்னார்: "அந்தப் பையத் தொறக்காத சாமி. அப்படியே குடுத்துரலாம்." அவருக்கும் பயம். அவரை எங்காவது மாற்றிவிட்டால் என் பள்ளிக்கூடம் என்ன ஆகும், அம்மா என்ன செய்வாள் என்று எனக்கும் பயம்தான். ஆனால் அந்த டிக் உங்கள் பெயரில் அச்சாகிவிட்டால், இங்கே ஊசி இருக்கிறது என்று ஆகிவிடும். அப்புறம் ஏன் வரவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து பார்க்காமல் பதில் சொல்வதில்லை. அலமாரியில் டப்பா எதிரே தெரிந்தாலும் எழுந்து போகிறேன். அவளுக்கு எரிச்சலாக இருக்கிறது.

"தப்பா எழுதுனா அழிக்கக்கூடாது. ஒரே கோடு. அடியில இருக்கறது தெரியோணும். பக்கத்துல கையெழுத்து" என்பீர்கள். படிவத்துக்கும் அதன் நகலுக்கும் நடுவில் கார்பன் தாளை வைத்து டிக்கின் மேல் ஒரே கோடு போட்டேன். மூன்றாவது கட்டத்தில், 'பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன்' என்று எழுதினேன். கையெழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். என் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து இருக்கிறது. அதை விட்டுவிடலாமா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விட்டால் அது பாதிப் பெயர். சேர்த்தே போட்டேன், அழுத்தி, அடித்தாளிலும் விழும்படி.

விரலெல்லாம் நீலம். காலையில் அப்பா பார்த்துக் கேட்பார். கேட்கட்டும் என்று கழுவாமல் வைத்திருக்கிறேன்.