கடலில் கட்லா பிடித்தவன்

இன்று காலை புதுவாயல் கூட்டு ரோட்டில் மீன் வெட்டுகிற அம்மா என்னைப் பார்த்து, தலை வேணுமா வேணாமா என்று கேட்டார். நான் உன்னைத் தேடிப் பக்கத்தில் திரும்பினேன், மச்சான். அந்தக் கேள்விக்கு எப்போதும் நீதானே முந்திக்கொண்டு, "தல வேணாம்மா, செதிலு ஒண்ணு இருக்கக் கூடாது, துண்டு போட்டுடு" என்பாய். தலை இருந்தால் உன் குட்டு உடைந்துவிடும்.

கும்மிடிப்பூண்டியில் நமக்கு ஒரே கம்பெனி, ஒரே ஷிஃப்ட். ஆறு நாள் இரும்புத் தூசியில் கிடந்துவிட்டு, ஞாயிறு விடிந்ததும் பழவேற்காட்டுக்கு வண்டியை விடுவோம். வாடகைப் படகுக்கார பாய் முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவார். எனக்குக் கிழங்கான், பாறை என்று ஏதாவது மாட்டும். உன் தூண்டிலில் மீனைத் தவிர எல்லாம் மாட்டும். கிழிந்த வலை, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை என் சட்டைக் காலர்.

தை மாதம் கடல் அசையாமல் கிடக்கும். தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மீன் என்னைப் பார்த்துவிடுகிறது என்பாய். ஆடியில் காற்றடித்துக் கலங்கினால், மீனுக்கு இரையே தெரியவில்லை என்பாய். ஐப்பசி மழையில் படகே போகாது. அப்போதுதான் மீனெல்லாம் மேலே வருமாம்!

உன் ஆசை ஒன்றே ஒன்று. நீயே பிடித்த மீனை உன் பெண்டாட்டி ஒரு நாளாவது சாப்பிட வேண்டும். கல்யாணமான புதிதில், நான் தூண்டில் போட்டால் கடலே காலி என்று அவளிடம் வாயை விட்டிருந்தாய். அதைக் காப்பாற்றத்தான் வாராவாரம் கரையில் மீன் வாங்கிப் போனாய். நான் பிடித்ததைக் கொடுத்தால் வாங்க மாட்டாய். ஓசி மீனில் என்ன கௌரவம் என்பாய். விலைக்கு வாங்கிய பொய்யில் மட்டும் கௌரவம் கொட்டிக் கிடந்ததாக்கும்.

ஒரு தடைக் காலத்தில் பெரிய படகுகள் போகாமல் கரையில் மீனுக்குப் பஞ்சம். வரும் வழியில் இந்தப் புதுவாயலில்தான் ஆந்திராக் குளத்துக் கட்லாவைத் துண்டு போட்டு வாங்கி, கடல் மீன் என்று கொண்டுபோய்க் கொடுத்தாய். யாரிடம்? ஆரணியில் ஏரி மீன் தின்றே வளர்ந்தவளிடம். தங்கச்சி ஒன்றுமே சொல்லவில்லை. "நம்பிட்டாடா" என்று திங்கட்கிழமை மார் தட்டினாய். அப்புறம் வருஷம் முழுக்கக் கட்லாதான்.

அப்படியும் ஒரு மார்கழியில் உன் கம்பு வளைந்தது. செருப்பு என்றுதான் நினைத்தேன். வந்ததோ கொடுவா, முழங்கை நீளம். நீ கத்தவில்லை. "டேய், நெசமாவே மீனுடா" என்று மெதுவாகச் சொன்னாய். உப்புத் தண்ணீருக்குப் பயந்து செல்போன்களை வண்டியிலேயே வைத்திருந்தோம், படமும் இல்லை. கரையில் நான் வண்டியை எடுத்து வருவதற்குள் பழக்க தோஷத்தில் மீனை வெட்டக் கொடுத்து, தலை வேணாம் என்று சொல்லித் தொலைத்துவிட்டாய். தலையைப் பூனை தூக்கிக்கொண்டு ஓடியது. உன்னை அங்கேயே தண்ணீரில் தள்ளியிருப்பேன்.

போன மாதம் உனக்கு வருஷப் படையல். இலையில் கட்லாக் குழம்பு. "அவரு கடல்ல புடிச்ச மீனுண்ணா" என்று சொல்லித் தங்கச்சி சிரித்தாள். நான் திருதிருவென்று விழித்தேன்.

"மொத நாளே மண்ணு வாசன தெரிஞ்சிபோச்சி. கேட்டா ஞாயித்துக்கெழம போறத வுட்டுடுவாரு. அந்த ஒரு நாளுதாண்ணா சிரிச்சிக்கினே ஊட்டுக்கு வருவாரு."

ஒன்று மட்டும் நிஜம்மா, மார்கழியில், கொடுவா என்றேன். அவர் போன பின்னாலும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டாயே அண்ணா என்று என்னையே கிண்டல் செய்தாள். சத்தியம் செய்தேன். பாயைக் கேட்கச் சொன்னேன். அவர் எல்லார் பெண்டாட்டியிடமும் மீன் பிடிப்பதில் உன் புருஷன்தான் முதல் ஆள் என்று சொல்கிறவராம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். இத்தனை வருஷம் உன் பொய்க்கெல்லாம் தலையாட்டிவிட்டு, உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்தாள். "ஒரு மார்கழில தட்டுல கையே வெக்காம, நான் துன்றதயே பாத்துக்கினு இருந்தாரு. இன்னான்னு கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னாரு. அன்னிக்கா?"

"அன்னிக்குத்தாம்மா."

உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்: "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னனான்னே நெனவில்லயேண்ணா."

"சொன்னியாம், தங்கச்சி. திங்கக்கெழம ஷிஃப்ட்ல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிக்கினு இருந்தான்."

அந்தத் திங்கட்கிழமை நீ வாயே திறக்கவில்லை. அவள் சொன்னாளா, இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் இதையேதான் சொல்லப்போகிறேன். என்றைக்காவது அங்கே வந்து உன்னிடமே கேட்டாளானால், நீயும் ஆமாம் என்றே சொல்லிவிடு, மச்சான்.