திங்கட்கிழமைத் தலைவலி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்கள் பேரன் இப்போதுதான் தூங்கினான். எட்டு மாதம் ஆகிறது. மூச்சு வருகிறதா என்று அவன் நெஞ்சில் அடிக்கடி கை வைத்துப் பார்க்கிறேன். இதய ஆராய்ச்சி செய்கிறவளுக்கே இவ்வளவு பயமா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்கிறார்.

ஓசூரில் பஸ் பிடித்து மறுபடியும் பெங்களூர் ஆய்வகத்துக்குப் போகிறேன். நைட்ரிக் ஆக்சைடு என்று ஒரு வாயு, அப்பா. ரத்தக் குழாயின் உள்சுவரே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கிறது, குழாய் தளர்ந்து விரிகிறது. அதுதான் என் வேலை. அதற்காகப் பழைய கட்டுரைகளைப் புரட்டியபோது அங்கே உங்களைப் பார்த்தேன்.

பெயர் இல்லை, வெடி ஆலைத் தொழிலாளிகள் என்றுதான் இருந்தது. வெடியில் சேர்க்கும் நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய், இதே வாயுவாகிக் குழாய்களை விரிக்குமாம். வாரம் முழுக்க உடம்பு பழகிவிடும். ஞாயிறு விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்கட்கிழமை வேலையில் நின்றதும் மண்டை பிளக்கும். அதற்குப் பயந்து சிலர் ஞாயிறன்றும் ஆலை வாடை பட்ட துணியைத் தலையில் கட்டிக்கொள்வார்களாம்.

ஞாயிறன்றும் தலையில் கட்டிக்கொள்வீர்களே, உங்கள் பச்சைத் துண்டு!

குவாரிக்கு வெடி செய்யும் ஆலையிலிருந்து திங்கட்கிழமை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு சுவரோரம் உட்காருவீர்கள். "ஞாயித்துக்கெழம ஊத்திக்கினு வந்தா மண்ட வலிக்காம என்ன பண்ணும்?" என்பாள் அம்மா. வேலை வாடை தலைக்கு ஏறுகிறது என்று நீங்கள் சொன்னதை நாங்கள் நம்பவில்லை. துண்டில் தித்திப்பாக ஒரு நெடி அடிக்கும். சாராயம்தான் என்று நானே முடிவுகட்டி, ஞாயிறுதோறும் சோப்புப் போட்டுத் துவைத்தேன். வேண்டாம் பாப்பா என்று கெஞ்சினீர்களே தவிர, ஒருமுறைகூட ஏன் அதட்டவில்லை?

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் ஒரு ஞாயிறுதான். பழகிய உடம்புக்கு அந்த வாடை திடீரென நின்றால் இதயக் குழாய் சுருங்கிப்போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது அதுதானா? தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

அப்போது நான் சின்னப் பெண். ஆனால் போன மாதம்? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் குட்டிக்கு மொட்டை போட்டோம். சொந்தமெல்லாம் கூடியிருந்தது. அவன் பால்புட்டியை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தான். "தாத்தனாட்டமே புட்டிய உட மாட்டேங்கறான் பாரு" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்பா.

அந்தச் சிரிப்பை இன்னும் விழுங்க முடியவில்லை. நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். முழுக்கக் கேட்டாள். கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, "அவரு சொன்னாருதான். நான்தான் வாய மூடுய்யான்னேன்" என்றாள். பிறகு எழுந்து போய், பெட்டியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வருகிறது.

ஆவணியில் குட்டிக்குக் காதுகுத்து. சிரித்த அதே ஆட்கள் வருவார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன், எங்கப்பா குடித்ததில்லை என்று. என் குரல் நடுங்கும். நடுங்கினாலும் சொல்வேன்.

உங்கள் துண்டைத் துவைத்த மகள்,
பாப்பா