கடலைப் பார்த்தபடி பின்னால் நடக்கிறவர்

12 ஜனவரி 2025, ஞாயிறு

பாலாவிச் சந்தியில் காலையிலிருந்து சீமெந்து லொறிகள். வீட்டுக் கதவைச் சாத்தினாலும் தூசி. மத்தியானம் மகள் யதுர்சிகா கொழும்பிலிருந்து தொலைபேசியில் எடுத்தாள். அவளும் சிநேகிதர் மூன்று பேரும் இரண்டு வருடமாகச் செய்கிற கைபேசி விளையாட்டு முடியப் போகிறதாம். கடல் இருக்கிறது, மணல் இருக்கிறது, காற்றுக்கூட இருக்கிறது.

“நடக்கிறதுக்கு ஒரு உருவம் வச்சிருக்கிறம் அப்பா. ஆனா ஆள் இல்லை. நான் பிறக்க முன்னமே விளையாடத் தொடங்கின மனுசன் நீங்கள்தானே. எழுதித் தாங்கோ.”

மார்ச் பத்தாம் திகதி ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும். என்னுடையது சரிவராவிட்டால் அந்த வெறும் உருவத்தோடு அனுப்பிவிடுவார்களாம்.

ஓம் என்றேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலையை விட்டு வந்த பதினாலு வருடத்தில் என்னிடம் யாரும் ஒன்றை எழுதித் தரச் சொன்னதில்லை. இப்போது வேலை செய்கிற உப்புக் கம்பனிக் கந்தோரில் நான் எழுதுவது லொறி இலக்கங்கள்.

14 ஜனவரி

பொங்கல். மனைவி கஜலக்ஷ்மி பானையோடு நிற்க, நான் எழுதுகிற கொப்பியோடு இருந்தேன். முறைத்தாள்.

முப்பது வருடத்தில் எத்தனை நாயகர்களை நடத்திப் பார்த்திருப்பேன்? மனதில் நிற்பவர் யார்?

பனியில் கடிதம் கொண்டுபோகிற தபால்காரன். கடைசிவரை ஒரு சொல் பேசமாட்டான். விசைப்பலகையிலிருந்து நான் கையை எடுத்தால் தன் விரல்களை ஊதிக்கொள்வான். அதைப் பார்ப்பதற்காகவே கையை எடுப்பேன். பிறகு அந்த முத்துக் குளிக்கிற பெண் — மூழ்க முன் ஒவ்வொரு தடவையும் கரையைத் திரும்பிப் பார்ப்பாள். கரையில் ஒருவரும் இல்லை. சுரங்கத்தில் விளக்குச் சுமக்கிற கிழவன் எத்தனை தரம் அழுத்தினாலும் ஓடமாட்டான். முதல் நாள் அவனைத் திட்டினேன். மூன்றாம் நாள் அவன் வேகத்துக்கு நான் வந்துவிட்டேன்.

ஆயிரம் பேரைச் சுட்டு வீழ்த்தியவர்களில் ஒருவன் முகமும் நினைவில்லை.

ஆக, ஒருவனை ஆளாக்குவது அவனுக்கு ஏலாத ஒன்று. அத்தோடு, யாரும் ஏவாதபோது அவன் செய்கிற ஒன்று. இதை வைத்து எழுதலாம். எழுதிக் காட்டுகிறேன்.

18 ஜனவரி

சந்தியில் போன் திருத்துகிற நௌஃபரோடு வாக்குவாதம். விளையாட்டு விஷயத்தில் இந்த ஊரில் என்னோடு கதைக்கக்கூடிய ஒரே ஆள். அவனுடைய நாயகன் கட்டத்துக்குக் கட்டம் புது வாள் எடுப்பவன்.

“வாளைத் தவிர அவனைப் பற்றி ஒன்று சொல்லும் பார்ப்பம்” என்றேன்.

யோசித்தான். “குதிர ஒண்டு ஈக்கி சேர்.”

குதிரை இருக்கிறதாம்! சிரித்தேன். அவனுக்குச் சுட்டுவிட்டது. “ஒங்கட ஆக்கள் மட்டும்? ஒருத்தனுக்குப் பேச ஏலா, ஒருத்தனுக்கு ஓட ஏலா. தோத்தவங்களாப் பார்த்து எடுக்கிறீங்க. சொந்தக்காரங்களா சேர்?”

இனி அந்தக் கடைப் படி மிதிக்கமாட்டேன்.

20 ஜனவரி

போனேன். சார்ஜர் வேலை செய்யவில்லை.

2 பெப்ரவரி

முப்பது பக்கம் அனுப்பினேன். நாயகன் கரையில் நின்று கயிற்றால் கரைவலை இழுக்கிறவன். ஐந்து பேர் துரோகம் செய்ததால் தனியே இழுக்கிறான்.

4 பெப்ரவரி

மகளின் பதில்: “அப்பா, இந்த மனுசன் ஒவ்வொரு கட்டத்திலயும் ஆரையோ ஏசிக்கொண்டிருக்கிறார். விளையாடுற ஆக்கள் சத்தத்தை நிப்பாட்டிப் போடுவினம்.” கொஞ்சம் பொறுத்து: “அந்த அஞ்சு பேரும் ஆரெண்டு எனக்குத் தெரியும்.”

அதைவிட மோசம், அவளோடு வேலை செய்கிற சிலாபத்துப் பெண் சிரித்தாளாம். என் நாயகன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி மாடு மாதிரிக் கரையைப் பார்த்து நடக்கிறான். எந்த ஊரில் அப்படி வலை இழுக்கிறார்கள் என்று கேட்டாளாம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து இருபத்தைந்து வருடம். கரைவலை இழுக்கிற உடப்புக்கு இங்கிருந்து இரண்டு பஸ்தான். ஒருநாளும் ஒரு வலைக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றதில்லை நான்.

கஜலக்ஷ்மி சொன்னாள்: “இராசமணி மாஸ்டரைக் கேளுங்கோவன். உடப்பில அவையின்ர வலைதானே.”

இராசமணி. ஒரே ஆசிரியர் அறை, ஒரே மேசை, ஒரே சாப்பாட்டுப் பெட்டி. 2011இல் இடைவேளை நேரம் கணினி அறையில் பிள்ளைகளை விளையாடவிட்டு, விளையாடின நாயகனைப் பற்றி ஒரு பக்கம் எழுத வைத்தேன். அதுவரை ஒரு வரி எழுதாததுகள் எழுதின. ‘பிள்ளைகளைப் பழுதாக்குகிறார்’ என்று ஐந்து ஆசிரியர்கள் கடிதம் போட்டார்கள். இடமாற்றம் வந்தது. வேலையையே எறிந்துவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து இராசமணியுடையது.

5 பெப்ரவரி

கேட்கமாட்டேன்.

9 பெப்ரவரி

காணொளி பார்த்துப் படிக்கலாம் என்று பதினொரு காணொளி பார்த்தேன். எல்லாவற்றிலும் மீன் தெரிகிறது. ஒருவருடைய காலும் தெரியவில்லை.

16 பெப்ரவரி, ஞாயிறு

உடப்புக்குப் போனேன். அவர் கண்ணில் படாமல் பார்த்துவிட்டு வருவது என்பதுதான் எண்ணம். ஒரு படகுக்குப் பின்னால் நின்றேன்.

வலை இழுக்கிற எல்லோரும் கடலைப் பார்த்தபடி, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னால் பின்னால் வருகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாடிக்கொண்டு, அந்தப் பாட்டுக்குத்தான் கால் வைக்கிறார்கள்.

“சும்மா நிக்கிற ஆளு, ஒரு கை புடிங்க” என்று யாரோ சத்தம் போட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன். வரிசையோடு பின்னால் வந்து வந்து மேட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயும் விடாமல் இழுத்தேன். கயிறு சுருட்டுகிறவர் இரண்டு தரம் என்னில் இடித்தார்.

தண்ணீர் விளிம்பிலிருந்து ஒரு குரல்: “மாஸ்டர், மேட்டுக்கு வந்தா கையை எடுக்கணும். எடுத்துட்டுத் தண்ணி ஓரத்துக்கு வந்து மறுபடி புடிக்கணும். அங்கேயே நிண்டா அவரு எப்படிச் சுருட்டுறது?”

இராசமணி. தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் அவரைக் காண முன்னமே என்னைக் கண்டுவிட்டார்.

போய் அவருக்கு முன்னால் பிடித்தேன். வலை ஏறும்வரை முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சுக் கேட்டது.

பிறகு மணலில் குந்தியிருந்து கேட்டேன்: “ஏன் கையெழுத்து வைத்தீர்?”

“பயந்துதான் மாஸ்டர். எனக்கும் மாற்றம் வரும்னாங்க. அம்மா படுக்கையில இருந்தாங்க.”

“வாசித்தீரா?”

“வாசிச்சேன். வாசிக்காம வச்சேன்னு சொன்னா உங்களுக்கு லேசா இருக்குமா?”

இல்லை என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கோபம் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் மார்ச் பத்து வருகிறது. கொப்பியை எடுத்து, காலை எப்படி வைப்பது என்று கேட்டேன். ஒரு மணித்தியாலம் சொன்னார், நடந்தும் காட்டினார். சந்தேகம் வந்தால் எடுங்கள் என்று தன் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியில் எழுதினார்.

கயிறு பிடித்தவருக்கு மீன் கொடுப்பது அங்கே வழக்கம். வாங்காமல் போனால் வலைக்காரருக்கு அவமானமாம். வாங்கினேன். பஸ்ஸில் ஒருவரும் என் பக்கத்தில் இருக்கவில்லை.

23 பெப்ரவரி

முப்பது பக்கம் நாலு பக்கமானது. துரோகிகள் ஐந்து பேரையும் வெட்டினேன். வெட்ட நொந்தது. மூன்றாமவனை நல்லாக எழுதியிருந்தேன்.

நாயகனுக்கு இப்போது பேச்சே இல்லை. கடலைப் பார்த்தபடி பின்னால் நடக்கிறார். பின்னால் என்ன இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது, விளையாடுகிறவருக்கும் தெரியாது. மேட்டுக்கு வந்ததும் கையை எடுத்துத் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். எங்கேயும் அதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. விளையாடுகிறவர் கைபேசியிலிருந்து கையை எடுத்தால், நாயகர் ஈர மணலை அள்ளி உள்ளங்கைகளில் தேய்த்துக்கொள்வார். இராசமணி அப்படிச் செய்தார். செய்வது அவருக்கே தெரியாது.

27 பெப்ரவரி

“அப்பா, இவர் ஆர்?”

தெரியாது என்றேன்.

“அப்ப சரி. இவரை வைப்பம்.”

கயிறு இழுத்துக் கையில் உரிந்த தோல் இன்னும் ஆறவில்லை. பத்து நாளாகக் கரண்டியால் சாப்பிடுகிறேன்.

10 மார்ச்

அனுப்பிவிட்டார்கள்.

23 மார்ச், ஞாயிறு

பரிசு கிடைக்கவில்லை. முதல் பத்துக்குள் வந்ததாம். மகளின் குரலில் கவலை இல்லை. வேறொன்று சொல்லத்தான் எடுத்திருந்தாள்.

இறுதிச் சுற்றில், நடுவர்களில் ஒரு அம்மா இவர்கள் முன்னால் விளையாடிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்ததாம். உடனே எழும்ப வேண்டும். ஆனால் கைபேசியை வைக்க முன், தண்ணீருக்குள் நின்ற மனுசனை மெதுவாகக் கரையேற்றி, படகின் நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் எழும்பினாராம். இவர்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்களாம். எங்கள் விளையாட்டில் வெயில் சுடாது. நிழலில் நின்றால் ஒரு புள்ளியும் கூடுதலாகக் கிடைக்காது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கஜலக்ஷ்மி கோயிலுக்குப் போயிருந்தாள். கொப்பியைத் தேடி எடுத்து, உடப்பு இலக்கத்தை அழுத்தினேன்.

“சொல்லுங்க மாஸ்டர்” என்றார்.

சொன்னேன்.