முப்பத்தொரு பொட்டும் ஒரு சிவப்பு வயரும்

பங்காளி,

முதலிலேயே சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிடுகிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பப் போவதில்லை. நீ இருந்திருந்தால் நீயும் நம்பியிருக்க மாட்டாய். "அளக்காதடா, கேக்கறதுக்கும் ஒரு தெம்பு வேணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பந்தை அடித்திருப்பாய்.

இன்று காலை என் வீட்டுப் போர்ச்சில் நம் பின்பால் மெஷினை ஆன் செய்தேன். ஐந்தே நிமிடம். உள்ளே சுருள்கள் சூடேறியதும் சந்தன வாசம் வந்தது. லெட்சுமி சாமி அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "காரை ரோட்டுல மழையில நிறுத்திட்டு, இந்தச் சனியனுக்குப் பூஜையா நடக்குது?" என்று கேட்டாள். பூஜை நான் செய்யவில்லை. யார் செய்தது என்று உனக்குச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை என்பதுதான் பிரச்சினை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் ஒரு பந்து அடிக்கிறேன், திரும்பி வந்து எழுதியதை அடிக்கிறேன். நீ போனதிலிருந்தே இந்தக் கால்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை.

டெங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து கிளப்பை மூடினார்களே, நினைவிருக்கிறதா. துரைமார் ஆடிக் களைத்த மெஷின் மழைச் சாரலில் வெளியே கிடந்தது. சாய்ந்த மேசை, மேலே கண்ணாடி, உள்ளே ஓர் இரும்புப் பந்து, கீழே அதைத் திருப்பி அடிக்க இரண்டு சின்னச் சிறகு. பந்து எங்கே முட்டினாலும் ஒரு மணி அடிக்கும். லோரி என்னுடையது, ஆசை உன்னுடையது, விலை ஆளுக்குப் பாதி. அதை ஏற்றியதும் லோரியின் முன் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் எழும்பிவிட்டன. பிரிக்பீல்ட்ஸில் உன் வீடு வரை பின் சக்கரத்திலேயே ஓட்டி வந்தேன். அன்று டெங்கில் சாலையில் விழுந்த பள்ளம் எத்தனை தார் ஊற்றியும் இன்றுவரை நிரம்பவில்லை, மீன் பிடிக்கிறார்கள்.

மெஷின் உன் வீட்டில் தங்கியதற்குக் காரணம், லெட்சுமி என்னிடம் "அதுவா, நானா" என்று கேட்டதும், நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்ததும். உனக்கு அந்த மெஷின் பொருத்தமாகத்தான் இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிலேக்களோடு குடும்பம் நடத்தியவன் நீ. மெஷினின் முதுகைத் திறந்தால் உள்ளேயும் வரிசையாக முப்பத்தொரு ரிலே. சுருளுக்குக் கரண்டு வரும், ஒரு தகடு படக்கென்று இழுபடும், இரண்டு வெள்ளிப் புள்ளிகள் தொட்டுக்கொள்ளும். தொட்டால் விளக்கு எரியும், எண் நகரும், மணி அடிக்கும். அந்தப் புள்ளிகள் பக்கம் என் விரல் போனால் உன் முகம் மாறிவிடும். "தொடாதடா, உன் வேர்வை போதும், அதத் தின்னுடும்." என் வேர்வையை நீ ஒரு இரசாயன ஆயுதமாகவே மதித்தாய்.

அந்த மணிக்கும் உன் சரோஜாவுக்கும் நடந்த போரை எழுத என்னிடம் தாள் போதாது. அடுப்படியிலிருந்து குரல் வரும்: "நிறுத்துறீங்களா, இல்ல அம்மிக்குழவிய எடுத்துட்டு வரவா?" நீ திரும்பாமலே சொல்வாய்: "இன்னும் ஒரே பந்து." உன் ஒரே பந்து என்பது சாதாரணமாக ஒன்றேகால் மணி நேரம். அப்படி ஒரு மனைவி, ஒரு ஆயுத பூஜையன்று, ஊர் வழக்கப்படி மெஷினுக்கும் ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று கேட்டுவிட்டாள். நீ ஆடிய ஆட்டம் இருக்கிறதே. "எக்ஸ்சேஞ்ச்காரன் வீட்டு ரிலேல சந்தனமா? கரண்டு வந்தா ஓடும், இல்லன்னா ஓடாது. சாமிக்கு இதுல என்ன வேலை?" அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

நீயோ அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காலையிலேயே கிள்ளானுக்கு வந்துவிடுவாய். என் லோரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருப்பேன். "பொட்டு வெச்சா ஓடுமா? டீசல் ஊத்துடா" என்பாய். பரிகாசம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு உனக்கு என் வீட்டில் ஒரு வேலையும் கிடையாது. காலை ஆட்டிக்கொண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். "கிளம்புடா, சரோஜா தேடும்" என்று நானே துரத்தினாலும், "இரு, இன்னும் அரை மணி நேரம் போகட்டும்" என்பாய். லெட்சுமியின் சுண்டலுக்காக என்று நினைத்தேன். அந்தச் சுண்டலைத் தின்றவன் என்ற முறையில் அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நீ போய்ப் பத்து மாதம் கழித்து சரோஜா போன் செய்தாள். "அண்ணே, மொத வருஷத் திதி முடிஞ்சதும் மகளோட ஜோகூர் போயிடுறேன். வீட்ட ஒப்படைக்கணும். மெஷின்ல பாதி உங்களுது, எடுத்துக்கோங்க." சரி என்றேன். அவள் போனை வைக்கவில்லை. "போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ அந்த மணிய அடிச்சுக் காட்டுறீங்களா? வாய் நமநமங்குது, அண்ணே. பத்து மாசமா வீட்ல திட்டுறதுக்கு ஆளே இல்ல."

என் வாழ்க்கையில் ஆயிரம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் நான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தது அது ஒன்றுதான் என்று தோன்றியது. அன்று முதல் தூக்கமும் போனது, உட்காருவதும் போனது.

உன் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போது இரண்டாவது மாடி வளைவில் என் பக்கம் நழுவி, மெஷின் ஒரு குத்துக் குத்தி உட்கார்ந்தது. அந்த அதிர்ச்சியில் கீழே வாழை இலைக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பூகம்பம் என்று இலையோடு எழுந்து ஓடினார்கள். கிள்ளானில் கண்ணாடியை எடுத்துப் பார்த்தால், ரப்பர் வளையமெல்லாம் பொடிப்பொடி, விளக்கு ஒன்று எரியவில்லை, பந்து துருப்பிடித்து நாவல் பழம் மாதிரி. அமெரிக்காவிலிருந்து சாமான் வரவழைக்கலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். லெட்சுமி பார்த்த பார்வையில் அமெரிக்கா வரைபடத்திலிருந்தே அழிந்தது.

எனவே உள்ளூரிலேயே தேடினேன். பாசார் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரப்பர் வளையத்தை ஒவ்வொன்றாக விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், பைப் எங்க லீக்?" என்று கேட்டார்.

"பைப் இல்ல பாஸ். பந்து விளையாட."

"இந்த வயசுலயா லா?"

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும். நாலாம் நாள் என்னைக் கண்டதும் அவர் நாற்காலியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பந்து, என் பழைய வொர்க்‌ஷாப்பில் கிடந்த ஒரு பெரிய பேரிங்கை உடைத்து எடுத்தது. விளக்குகள் லோரி டேஷ்போர்டுக்குப் போடுபவை. மெஷினின் கரண்டு அவற்றுக்குப் போதாமல் கர்ப்பக்கிரகம் மாதிரி மங்கலாக எரிந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சிறகு அடித்தது, எண் நகர்ந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை. திதிக்கு ஆறு நாள்.

பயந்துகொண்டே முதுகைத் திறந்தேன், பங்காளி. திறந்ததும் டார்ச் லைட்டைக் கீழே போட்டுவிட்டேன். முப்பத்தொரு ரிலேக்கும் பொட்டு. ஒவ்வொரு சுருளின் தலையிலும் காய்ந்த சந்தனம், நடுவில் ஒரு சொட்டுக் குங்குமம். முப்பத்தொரு முகம் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பது போல இருந்தது. உடனே சரோஜாவுக்குப் போன் போட்டேன்.

"நாந்தான், அண்ணே. ஆயுத பூஜைக்கு அவர் உங்க வீட்டுக்கு வருவார்ல, அப்பத்தான் தொறப்பேன். பழசத் தொடச்சிட்டுப் புதுசு வைப்பேன். பாவம், அதுவும் உழைக்குதே. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வீட்டத் தலைகீழா ஆக்கியிருப்பார்."

அவருக்குத் தெரியாதாம். வாரம் ஒரு தடவை அந்த முதுகைத் திறந்து பார்ப்பவனுக்கு. எனக்கு அப்போது மணிதான் கவலை.

கடைசி வரிசையில் கடைசி ரிலே, மணியினுடையது. அதன் பொட்டு மட்டும் கொஞ்சம் சரிந்து, வெள்ளிப் புள்ளிகள் இரண்டுக்கும் நடுவே இறங்கிக் காய்ந்திருந்தது. சந்தனம் நடுவில் உட்கார்ந்தால் கரண்டு எப்படிப் போகும்? சரி, கண்டுபிடித்துவிட்டோம் என்று பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கையை நீட்டினேன். அப்போதுதான் அந்த வயரைப் பார்த்தேன். சிவப்பு, நாலு அங்குலம். அதே ரிலேயில் சும்மா இருந்த இன்னொரு ஜோடிப் புள்ளிக்கு யாரோ ஈயத்தை உருக்கிச் சோல்டர் வைத்து இழுத்திருந்தார்கள். ஒரு முனை மட்டும் விட்டுப்போய்த் தொங்கியது. நான் மெஷினைப் படியில் குத்தியதில் விட்டிருக்கும். சோல்டர் வைத்திருந்த அழகைப் பார்த்ததும் கை யாருடையது என்று தெரிந்துவிட்டது. அரிசி மணி அளவு, பளபளவென்று, எக்ஸ்சேஞ்ச் வேலை.

ஒரு நிமிட வேலை, பங்காளி. பஞ்சு, ஸ்பிரிட், ஒரு துடை. என் வேர்வைக்கே அத்தனை கோபப்பட்டவன், சந்தனத்தைத் துடைக்காமல், அதைச் சுற்றி வயர் இழுத்திருக்கிறாய். துடைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், அடுத்த வருடம் வைக்க மாட்டாள் என்று நினைத்தாயா? பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு போர்ச்சுக்கும் கேட்டுக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. பிறகுதான் அந்த அரை மணி நேரம் நினைவுக்கு வந்தது. காலை ஆட்டிக்கொண்டு நீ கடிகாரத்தைப் பார்த்த அத்தனை ஆயுத பூஜையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னே உட்கார்ந்தன.

பஞ்சைத் தூக்கிப் போட்டேன். உன் வயர் தொட்டதும் ஒடிந்தது. லோரி சிக்னல் விளக்குக்கான சிவப்பு வயரில் நாலு அங்குலம் வெட்டிக்கொண்டு சோல்டர் வைக்க உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பிடித்த கை இது. அரிசி மணியைக் கேட்டால் எலுமிச்சம்பழத்தை வைத்தது. ஐந்து நாள் போராடினேன். பத்து விரலிலும் சூடு வாங்கிக்கொண்டேன், பதினோராவது விரலும் இருந்திருந்தால் அதிலும் வாங்கியிருப்பேன். திதிக்கு முதல் நாள் மதியம் பந்து போய் முட்டியது, மணி அடித்தது. லெட்சுமி உள்ளேயிருந்து, "ஐயோ, அந்தச் சத்தமா" என்றாள். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நேற்று, திதிக்கு மறுநாள், சரோஜா வந்தாள். மகள் காரிலேயே இருந்தாள். பெட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது, நேரே ஜோகூர். உனக்குப் படைத்த நண்டுப் பிரட்டலை டிபன் கேரியரில் கொண்டுவந்திருந்தாள். நான் பந்தை விட்டேன். மணி அடித்தது. அவள் கேரியரைக் கீழே வைக்காமல் நின்றாள். இன்னொரு தடவை அடித்தது. பிறகு அடித்துக்கொண்டே இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போதும், நிறுத்துங்க. காது கிழியுது."

"இன்னும் ஒரே பந்து."

அவ்வளவுதான். ஒரு வருடத் திட்டுப் பாக்கி கிள்ளான் ஆறு கரை மீறியது போல வந்தது. மெஷினை, உன்னை, மாத்திரை சாப்பிடாததை, ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவதை, சொல்லாமல் போனதை. நான் பந்தை விடவே இல்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா ஆடுறாராம் இவரு" என்று எனக்கும் ஒன்று வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

முதுகைத் திறந்து காட்டினேன். "பொட்டெல்லாம் அப்படியே இருக்கே" என்றாள். பிறகு குனிந்து, "இது என்ன வயர்?"

சொன்னேன், பங்காளி. அலங்காரம் ஒன்றும் இல்லாமல், பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அவனுக்குத் தெரியும், பொட்டைத் தொடாமல் சுற்றிப் போயிருக்கிறான் என்றேன். அவள் சிரித்தாள்.

"போங்க அண்ணே. நீங்க சொல்றத நம்பினா, லோரி பின் சக்கரத்துலயே வந்ததையும் நம்பணும்."

நாற்பது வருடம் அளந்ததற்குத் தண்டனை இப்படி வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் பழைய வயர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தாலும் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருப்பாள்.

கார் கிளம்பி, கேட்டைத் தாண்டி, நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அண்ணே, ஆயுத பூஜைக்கு இங்க வந்தா எவ்வளவு நேரம் இருப்பார்?"

"ரெண்டு மணி நேரம். நான் தொரத்தினாலும் போக மாட்டான். மணியப் பாத்துப் பாத்து உக்காந்திருப்பான்."

அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்தொரு பொட்டு. பழசத் தொடச்சு, புதுசு வெச்சு, திருப்பி ஸ்குரூ போட்டு." விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "எனக்கும் ரெண்டு மணி நேரம் ஆகும்."

கண்ணாடி ஏறியது.

லோரி ஆறு சக்கரமும் தரையில் பட்டுத்தான் வந்தது, பங்காளி. டெங்கில் சாலையில் பள்ளம் கிடையாது. வாழை இலைக் கடையில் ஒருவரும் எழுந்து ஓடவில்லை, ஒருவர் மோர் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் என் சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்தில், ஒரு முனையில் அரிசி மணி அளவு சோல்டரோடு நாலு அங்குலச் சிவப்பு வயர் ஒன்று இருக்கிறது. அது மட்டும் உண்மை.