தனியாக உட்கார வைக்கச் சொன்னேன்

ஜூன் 12, புதன்

இன்றைக்கு ஒருத்தி என்னைக் கடித்துவிட்டாள். முழங்கைக்குக் கீழே பல் பதிந்து ரத்தம் வந்தது. பதினாறு வருஷமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன். உதை வாங்கியிருக்கிறேன், முகத்தில் துப்பியிருக்கிறார்கள், இவ்வளவு ஆழமாக யாரும் கடித்ததில்லை. கிளினிக் வரவேற்பு மேஜையில் இருக்கும் ராசாத்தி பஞ்சை வைத்து அமுக்கிக்கொண்டே, "நாய்கூட கடிச்சுட்டு விட்டுடும்க்கா, இது விடவே மாட்டேன்னுடுச்சே" என்றாள். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஊசி போட்டுக்கொண்டேன்.

பெயர் சுபஸ்ரீ, பன்னிரண்டு வயது, ஸ்ரீரங்கம். திங்கட்கிழமை பள்ளி திறந்தது. செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணின் கன்னத்தைப் பிறாண்டிக் கிழித்துவிட்டாள். கவுன்சலிங் முடித்து வந்தால்தான் வகுப்புக்குள் விடுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா வசுமதிக்கு வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. மகள் கதவை அறைந்து சாத்தியதில் நசுங்கியதாம். அப்பா மாதவன் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். ஸ்ரீரங்கத்தில் பாதி வீட்டுப் பிள்ளைகள் அவரிடம்தான் படிக்கிறார்கள். "மேடம், நான் இவ மேல ஒரு தடவகூட கை வச்சதில்ல. நீங்க சொல்றத அட்சரம் பிசகாம செய்வேன்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சொன்னதைச் செய்கிற அப்பா எங்கே கிடைக்கிறார்?

மனசு சரியில்லாதவர்களைத் தங்க வைக்கும் குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கிப் பார்க்கலாமா என்று வசுமதி மெதுவாகக் கேட்டாள். மாதவன் திரும்பிப் பார்த்தார். அவள் அப்புறம் பேசவே இல்லை.

ஜூன் 13

கை வீங்கியிருக்கிறது. தோசை திருப்ப முடியவில்லை. ரெஜிஸ் திருப்பினார். எல்லாம் கரி. கட்டிக்கொண்ட பாவத்துக்குத் தின்றேன்.

ஜூன் 19, புதன்

சுபஸ்ரீ மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு ஒரு மணி நேரமும் மேஜைக் காலை உதைத்தாள். ஒரு வார்த்தை இல்லை. பொம்மை வீட்டை நீட்டினேன், கூரையைப் பிய்த்து எறிந்தாள்.

பெற்றோருக்கு டைம் அவுட் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாருக்கும் சொல்கிறதுதான். பிள்ளை கை ஓங்கினால் நீங்கள் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். சத்தமில்லாத ஓரிடத்தில் தனியாக உட்கார வையுங்கள். வயதுக்கு ஒரு நிமிஷம் கணக்கு, அவளுக்குப் பன்னிரண்டு நிமிஷம். பிறகு கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். மாதவன் கவனமாகக் கேட்டார். "கதவச் சாத்தலாமா மேடம்?" "ஒருக்களிச்சு வைங்க, போதும்." "சத்தம் போட்டா?" "சத்தம் அடங்கினப்புறம் நேரத்தைத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிங்க." புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பயிற்சியில் எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜூன் 26, புதன்

என்ன மாற்றம்! சுபஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களாம், ஒரு புகாரும் இல்லையாம். "உங்க கைராசி மேடம்" என்றார் மாதவன். வசுமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து ரெஜிஸிடம் பீற்றிக்கொண்டேன். ஒரே வாரம்! இன்னும் மூன்று நான்கு தடவை வந்தால் இந்தக் கேஸை முடித்துவிடலாம்.

ஜூலை 3, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

மாதவன் அவர்களை இறக்கிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். ஏசி ஓடுகிறதே என்று ராசாத்தி வெளியிலிருந்து என் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். அவ்வளவுதான். சுபஸ்ரீ எழுந்து ஓடி ஜன்னல் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினாள். கண்ணாடி நொறுங்கியது, கையெல்லாம் ரத்தம். பிடிக்கப் போன என் முகத்தைப் பிறாண்டினாள், வயிற்றில் உதைத்தாள். துண்டை அவள் கையில் சுற்றிக் கட்டிப்பிடித்துத் தரையில் உட்கார்ந்தேன். திடீரென்று துவண்டுவிட்டாள். காயத்தைப் பார்க்கச் சட்டைக் கையை மேலே ஏற்றினேன். தோள் வரைக்கும் வரி வரியாக. மடித்த ஒயரால் அடித்த தழும்பு. இரட்டை இரட்டைக் கோடு. பழையதும் புதியதும்.

"யாரு கண்ணு?"

முதல்முறையாக என்னிடம் பேசினாள். "நீங்கதான சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"மோட்டார் ரூம்ல போடச் சொல்லி. அப்பா ஒவ்வொரு தடவயும் சொல்வாரு. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க, நான் என்ன பண்றதுன்னு."

அவர்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் மோட்டார் வைத்த பொந்து. நிமிர்ந்து நிற்க முடியாது. வெளியே தாழ்ப்பாள். மோட்டார் ஓடினால் உள்ளே அனல். மேலே பிள்ளைகள் கணக்குப் போடுவதைக் கேட்டுக்கொண்டே இவள் கிடப்பாளாம். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்பு. சத்தம் கேட்டால் வந்து ஒயரால் அடி, நேரம் முதலிலிருந்து. "நான் சத்தமே போடல மிஸ்" என்றாள். அதை மட்டும் மூன்று தடவை சொன்னாள்.

ஐயோ, என் வாயாலயா? நான் போன வாரம் கைராசின்னு கேட்டு இளிச்சேனே! அந்தக் குழந்தை கையத் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டு நடுங்கி உட்கார்ந்திருக்கு, நான் அத முன்னேற்றம்னு நெனச்சேனே. ஒவ்வொரு வாரமும் ரெண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டேன், அந்தப் பொம்பளைய ஒரு தடவையாவது தனியாக் கேட்டேனா? முட்டாள். முட்டாள்.

வசுமதியை உள்ளே கூப்பிட்டேன். "உங்க விரலை நசுக்கினது யாரு?" அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான் இப்ப பத்து ஒம்பது எட்டுக்கு போன் பண்ணப் போறேன், உங்க முன்னாலயே." எண்ணை அழுத்தும்போது பளாரென்று ஒரு அறை. போன் தெறித்து விழுந்தது. "நல்லாயிருப்பியா நீ? என் குடும்பத்தக் கெடுத்துக்கவா உங்கிட்ட வந்தோம்? அவர் பேர் எடுத்த வாத்தியாரு! நாளைக்கு நாங்க எங்க போவோம்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். காது குய்யென்றது. குனிந்து போனை எடுத்து மறுபடி அழுத்தினேன். குழந்தைகள் உதவி மையத்திலிருந்து ஆள் வந்து இருவரையும் அழைத்துப் போனார்கள்.

ஜூலை 4

நேற்று சாயங்காலமே மாதவன் கிளினிக்குக்கு வந்தான். இனி அவனுக்கு 'ர்' விகுதி கிடையாது. மடிப்புக் கலையாத சட்டை. "நீங்க சொன்னதத்தான மேடம் செஞ்சேன்? இப்ப என்னைக் காட்டிக்கொடுக்கறீங்களே, இது தர்மமா?" என்று தணிந்த குரலில் கேட்டான். வெளியே போங்கள் என்றேன். அடுத்த நொடி என் கழுத்து அவன் கையில். பின்தலை சுவரில் மோதியது. மூச்சு இல்லை. அவன் முகம் மாறவேயில்லை, அதுதான் பயங்கரம். கரும்பலகையில் எழுதுகிறவன் மாதிரி கவனமாக நெரித்தான்.

ராசாத்தி தண்ணீர் கேனால் அவன் மண்டையில் போட்டாள். காலிக் கேன், அவனுக்கு வலித்திருக்காது, ஆனால் திரும்பினான். அவள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வெளுத்துவிட்டாள். கீழே மருந்துக்கடை தாஜுதீன் பாய் ஓடிவந்து அமுக்கினார். போலீஸ், ஆஸ்பத்திரி. விழுங்கினால் தொண்டை வலிக்கிறது. ரெஜிஸ் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

ஜூலை 10, புதன்

குழந்தைகள் நலக் குழு முன்னால் விசாரணை. சுபஸ்ரீ அந்த வீட்டுக்கே திரும்புவதா வேண்டாமா, அதுதான் கேள்வி. அப்பா என்மேல் கை வைத்தது தனி வழக்கு, கோபத்தில் நடந்தது, குழந்தைக்கு அம்மா வீட்டில் இருக்கிறாளே என்று அவன் அண்ணன் வாதாடினான். வசுமதியோ பொட்டலம் மாதிரி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மகள்தான் விரலை நசுக்கினாள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

காவலோடு அழைத்து வந்திருந்த மாதவனைக் கேட்டார்கள். "டாக்டர் சொன்ன முறைங்க" என்றான். தலைவர் என்னைப் பார்த்தார். "தனியா வைக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சத்தம் போட்டா நேரத்த மறுபடி ஆரம்பிக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன். இந்த வீட்டுக்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அம்மாவைத் தனியா விசாரிக்காம சொன்னது என் தப்பு."

வேறென்ன சொல்ல? மழுப்பினால் சுபஸ்ரீக்கு நான் யார்?

மாதவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. பாடம் நடத்துகிற குரலில் விளக்க ஆரம்பித்தான். "சத்தம் கேட்டா ஒரு அடி, கணக்கு மறுபடி ஒண்ணுலேருந்து. ஒழுங்கு பிடிபடணும்ல? அழுகைய நிறுத்தறதுக்கு அவளுக்கே மனசு இல்லீங்க."

வசுமதி எழுந்து நின்றாள். "அவ அழவே இல்லீங்க."

எல்லாரும் திரும்பினோம்.

"உள்ள எம்பொண்ணு வாயப் பொத்திக்கிட்டுதான் கெடந்தா. கதவுக்கு வெளிய நின்னு அழுதது நான். அந்தச் சத்தத்துக்குத்தான் அவள அடிச்சாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னால அழுகைய அடக்க முடியலீங்க." நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "என் விரல நசுக்கினதும் இவருதான்."

மாதவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு அவள்மேல் பாய்ந்தான், அத்தனை பேர் முன்னால். இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்தார்கள். அதற்குமேல் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. மருங்காபுரியில் வசுமதியின் அக்கா வீட்டில் தாயும் மகளும் இருக்க உத்தரவு போட்டார்கள். அப்பா கிட்டே வரக் கூடாது.

ஜூலை 24

இன்று வரவேண்டிய நான்கு பேரில் ஒருவர்தான் வந்தார்.

ஆகஸ்ட் 14

ஜாமீனில் வந்துவிட்டான். டியூஷன் மறுபடி நிரம்பி வழிகிறதாம். பப்ளிக் எக்ஸாம் வருகிறதே, நல்ல வாத்தியாரை விட முடியுமா? என் விஷயம்தான் வேறு. 'வீட்டு விஷயத்தை போலீஸுக்குச் சொல்றவ' என்று பேராகிவிட்டது. இனி பிள்ளையைத் தனியாக, அம்மாவைத் தனியாக, அப்பாவைத் தனியாகப் பார்த்த பிறகுதான் ஒரு வார்த்தை ஆலோசனை சொல்வேன் என்று பலகையில் எழுதி மாட்டியதும் ஒரு காரணம். "எங்க மேல சந்தேகமா?" என்று எழுந்து போகிறார்கள். போகட்டும். வயிறு எரிகிறது, ஆனால் பலகையைக் கழற்ற மாட்டேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

மருங்காபுரியிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். வழியெல்லாம் சுபஸ்ரீ அம்மாவோடு சண்டையாம், ஜன்னலோர சீட்டுக்காக. "வாய் நீளமாயிடுச்சு மேடம்" என்று வசுமதி குறைப்பட்டாள். நான் ஒரு போன் பேசிவிட்டு வெளியே வந்தால், காத்திருக்கும் பெஞ்சில் கால்நீட்டி, வாய் திறந்து, சுபஸ்ரீ குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

வசுமதி எழுப்பப் போனாள். வேண்டாம் என்றேன். அவளுக்குப் பிறகு இன்றைக்கு யாரும் இல்லை. நானும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.