இழுக்காமல் புரட்டுவது

ராயபுரம்.

ஆசை மச்சானுக்கு,

துறைமுகத்தில் மூட்டை சரிந்து முதுகு ஒடிந்த உங்கள் நைனா, மருமகள் தொடக்கூடாதென்று முரண்டு பிடித்தார். புரட்டாமல் கிடந்து முதுகில் புண் வந்துவிட்டது. பொறுக்காமல் நான் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"மூட்டைய இழுத்தா கோணி கிழியும்மே! அடியில துணியப் போட்டு உருட்டு!" என்று கத்தினார்.

இப்போது என் பழைய புடவையை அவர் அடியில் விரித்து, பக்கத்து வீட்டு ரசூல் பீவியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டுகிறோம். "ஏலேலோ" போடுவது உங்கள் நைனாதான். "இன்னா நைனா, கப்பல் கெளம்பிச்சா?" என்று பீவி சீண்டினால் சிரிக்கிறார். புண் ஆறி வருகிறது.

கோணி கிழிந்தால் கூலியில் காசு பிடித்த துறைமுகத்துக்காரர்கள், முதுகு ஒடிந்தவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ரங்கூனில் நீங்களும் மூட்டைதானே தூக்குகிறீர்கள்? கைநிறையக் கொண்டுவர வேண்டாம். நேரான முதுகோடு வாருங்கள், போதும்.

உங்கள் வீட்டுக்காரி