குவளையில் தெரியும் மஞ்சள்

சுங்கை சிப்புட் தோட்டம்,
மாசி மாதம், 1927.

அன்பு மகள் செல்லாயிக்கு அப்பா உடையப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், சிவப்புப் பசுவும் சுகம். லூமுட்டில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க மாரியாத்தா துணையிருப்பாள். நிற்க, தோட்டத்துத் தண்ணீர் ஆகாது, தலைப்பிரசவத்துக்கு அனுப்பமாட்டேன் என்று மாப்பிள்ளை எழுதிய கடுதாசியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்தத் தண்ணீரில் வந்த காலராவுக்குத்தானே உன் தம்பி மாயாண்டியை வாரிக்கொடுத்தோம், என்னத்தைச் சொல்ல.

இப்போது கதையே வேறு அம்மா. பெரிய தொட்டி கட்டி, தினமும் காலையில் கிருமி கொல்லும் தூளைக் கலக்கிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரி டிரெசர் பெர்னார்ட் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து ஏதோ மருந்தைச் சொட்டு விடுவார், மஞ்சளானால் தூள் போதும், குடிக்கலாம். இதைக் கேட்டுவிட்டு நம் பக்கத்து வீட்டுக் காளியம்மா செய்த கூத்தைக் கேள். மாரியாத்தா திருவிழாவன்று தூள் போடுமுன்பே, சொட்டும் விடாமலே, குவளைத் தண்ணீர் மஞ்சளாய் நிற்கிறது. டிரெசர் திகைத்துப்போனார். இவளோ பெருமையாக முன்னால் வந்து, மஞ்சளானா நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் ஆத்தா மஞ்சத்தண்ணிய ஒரு குடம் ஊத்திட்டேன்லா என்கிறாள்! மனுஷன் தலையில் அடித்துக்கொண்டு தொட்டி முழுவதையும் திறந்துவிட்டார், அன்றைக்கு லயத்து வீட்டுச் சனமே தாகத்தில் அவளைத் திட்டித் தீர்த்தது. அந்த ரோஷத்தில் இப்போது தினமும் அவள்தான் குழாயடியில் காவல். குவளை முதலில் வெறும் தண்ணீராய் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே சொட்டு விடச் சொல்கிறாள், மஞ்சள் ஏறாவிட்டால் ஒருத்தரையும் குடம் வைக்கவிடமாட்டாள், டிரெசரையே அதட்டுகிறாள். இந்த மழைக்கு ஒரு பிள்ளைக்குக்கூட வயிற்றால் போகவில்லை.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்கே தெரியும். மாயாண்டி போனதிலிருந்து காய்ச்சாத தண்ணீரை அவள் நாக்கில் வைத்ததில்லை, நான் வைத்தாலும் சண்டை. நேற்று அவளாகவே குழாயடிக்குப் போய், மஞ்சள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஒரு செம்பு பிடித்து அங்கேயே மடமடவென்று குடித்தாள். அப்புறம் செம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து, புள்ளைய வரச்சொல்லி எழுதுங்க என்று மட்டும் சொன்னாள்.

எழுதிவிட்டேன். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. மோட்டாரில் வரும் வழியில் கண்ட தண்ணீரையும் குடிக்காதே. மாரியாத்தா அருளால் தாயும் பிள்ளையுமாய் நூறு வருஷம் வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
உடையப்பன்.